வாள் உறைக்குள் சென்ற பின்

சென்ற போயா விடுமுறையன்று குச்சவெளியிலுள்ள எமது தங்கையின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதியில், நிலாவெளிக்கும் வடக்கே அமைந்த கடற்கரைக் கிராமம் அது. வாசலில் நின்றால் கடலின் இரைச்சல் கேட்கும். 12 வயது மருமகனோ கடலையும் கேளான், மாமனையும் காணான். கைப்பேசித் திரையில் ஆழ்ந்திருந்தான்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது, 2020 ஆம் ஆண்டில் வெளியான 'டீமன் ஸ்லேயர்: முகென் ட்ரெயின்' என்னும் ஜப்பானியச் சித்திரப்படம். அனிமே என்று இளைஞர் உலகம் கொண்டாடும் வகையைச் சேர்ந்தது. படம் முடிந்ததும் தலை நிமிர்ந்தான்.

"மாமா, இது முடிஞ்சு போச்சு. இனி எதைப் பார்க்கிறது?"

வாசக அன்பர்களின் இல்லங்களிலும் இக்கேள்வி எழுவதுண்டு. 'படித்தது போதும், பார்த்தது போதும், பாடப் புத்தகத்தை எடு' என்று அதட்டுவது எளிது. இன்னொரு வாட்சண்டைப் படத்தைக் காட்டிவிடுவதும் எளிது. அதைக் கைப்பேசியே செய்துவிடும். நாம் இரண்டையும் செய்யாமல், "இதில் உனக்குப் பிடித்த இடம் எது?" என்று கேட்டோம்.

தீயெனச் சுழலும் வாளைச் சொல்வான் என்று எதிர்பார்த்தோம். அவன் சொன்னது வேறு. கதாநாயகன் தஞ்சிரோவின் குடும்பம் அரக்கனால் கொல்லப்பட்டது. புகைவண்டியில் வேறோர் அரக்கன் அவனை மாயத் துயிலில் ஆழ்த்துகிறான். கனவில் இறந்த தாயும் தம்பி தங்கையரும் உயிரோடு சிரிக்கிறார்கள். அவர்களை விட்டுப் பிரிந்தாலன்றி அவன் விழித்தெழ முடியாது. விழித்தாலன்றி வண்டியில் உறங்குவோரைக் காக்கவும் முடியாது.

"தம்பி பின்னால நிண்டு கூப்பிடுறான், மாமா. அவன் அழுதுகொண்டே ஓடுறான். திரும்பிப் பார்க்கேல்ல."

அடுக்களையில் பாத்திர ஓசை சட்டென நின்றது. நாம் அதை அப்போது பொருட்படுத்தவில்லை.

எந்த இடம் உள்ளத்தைத் தொட்டது என்று தெரிந்தால், அடுத்து எதை நாடுவது என்பதும் தெரிந்துவிடும். வீரத்தை விரும்பினாயா? குரோசாவாவின் 'ஏழு சாமுராய்கள்' இருக்கிறது. 1954 இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். மூன்றரை மணி நேரம் ஓடுவது. கொள்ளையரிடமிருந்து தம்மைக் காக்கும்படி உழவர்கள் ஏழு வீரரை அமர்த்துகிறார்கள்; கூலி, சோறு. போர் முடிந்தபின் எஞ்சும் வீரர் மூவர் மட்டுமே. வயலில் நாற்று நடும் உழவர்களே வென்றவர்கள் என்று காட்டி அப்படம் நிறைவெய்துகிறது.

அரக்கரும் பேய்களும் பிடித்தனவா? செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள்ளலாம். போர்க்களத்தில் பேய்கள் கூடிக் கூழ் அட்டு உண்ணும் காட்சி, எந்தச் சித்திரப்படத்துக்கும் இளைத்ததன்று. கடின சொற்களுக்கு உரையும் தமிழாசிரியரும் துணை செய்வர்.

போர் என்பது வீரருக்கு மட்டும் உரியதா என்று ஐயுறும் மாணவருக்கு, தக்காஹதா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை' என்ற 1988 ஆம் ஆண்டுச் சித்திரப்படம் உண்டு. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் எமது திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அன்று மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. 1945 இல் ஜப்பானின் கோபே நகரில் குண்டுகள் விழுந்தன. அந்நெருப்பில் தாயை இழந்த ஓர் அண்ணனும் சின்னஞ்சிறு தங்கையும் பசியால் வாடும் கதையே இப்படம். குண்டு எங்கே விழுந்தாலும் அடியில் இருப்பது குழந்தைதான். பெரியோர் அருகிருந்து காட்ட வேண்டிய படம் இது.

மருமகனின் மனத்தைத் தொட்டதோ பிரிவு. ஆகவே அன்று மாலை 'சுசுமே'யைத் தெரிந்தெடுத்தோம். ஷின்காய் இயக்கி 2022 இல் வெளியான படம். தாயை இழந்து, சிறிய தாயாரிடம் வளரும் ஒரு பெண், நாடெங்கும் பாழடைந்த இடங்களிலுள்ள மாயக் கதவுகளை மூடி நிலநடுக்கத்தைத் தடுக்க ஓடுகிறாள். இறுதியில் அவளது குழந்தைப் பருவ நாட்குறிப்பு வெளிப்படுகிறது. 2011 மார்ச் 11 ஆம் திகதி தொடங்கிப் பக்கங்கள் முழுதும் கறுப்பாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. அன்றுதான் ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி அழித்தது.

சுனாமி என்பதே ஜப்பானியச் சொல். 'துறைமுக அலை' என்பது அதன் பொருள். துறைமுகத்துக்குப் பேர்போன எமது மாவட்டம் அச்சொல்லைக் கற்றது 2004 டிசம்பர் 26 ஆம் திகதி, போயா ஞாயிற்றுக்கிழமை காலையில்.

படம் ஓய்ந்ததும் மருமகன் கேட்டான்: "அம்மா, அம்மம்மாவுக்கு என்ன நடந்தது?"

இருபதாண்டுகளுக்கு மேலாக அவ்வீட்டில் எவரும் திறவாத கதவு அது. நாம் அப்போது தொழில் நிமித்தம் கொழும்பில் இருந்தோம். எம் அன்னையின் இறுதி நேரத்தை அறிந்தவள் தங்கை ஒருத்தியே. அவளுக்கு அன்று வயது 12. நாமும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அன்று சொன்னாள். கரையில் மீன் வாங்கச் சென்ற இருவரும் அலையைக் கண்டார்களாம். அன்னை அவள் கையை உதறி, "ஓடு, திரும்பிப் பார்க்காதே" என்றாராம். அவள் ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒருக்கா எண்டாலும் பார்த்திருக்கலாம், அண்ணா" என்று விம்மினாள்.

எமக்கு வாய் எழவில்லை. சிறுவன்தான் தாயின் அருகே நகர்ந்து அமர்ந்தான்.

"தஞ்சிரோவும் பார்க்கேல்ல, அம்மா. பார்த்திருந்தால் அவனால் போயிருக்க ஏலாது."

வெகுநேரம் கழித்து அவள் தலையசைத்தாள்.

விடைபெறுமுன், கையோடு கொண்டுசென்ற ஒரு நூலை மருமகனிடம் கொடுத்தோம். கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள மூதூரில் பிறந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி'. சொந்தத் தோணி ஒன்றுக்காக ஏங்கும் மீனவப் பிள்ளையின் கதை அதில் இருக்கிறது. வாளும் இல்லை, அரக்கனும் இல்லை. அவன் வாசலில் கேட்கும் அதே கடல் இருக்கிறது.

மறுநாள் தொலைபேசியில் அழைத்தான்.

"வாசிச்சு முடிச்சிட்டன், மாமா. அம்மா இப்ப வாசிக்கிறா. இனி எதை வாசிக்கிறது?"