பொறியின் வக்து

தொழுகைக்கு வக்து உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் உளூவுக்குத் தர்தீபும் கட்டாயம். காலமும் வரிசையும் இயந்திரத்துக்கும் கடமையே என்பதை ஒரு பழைய அம்பாசடர் வண்டி எனக்கு உணர்த்திற்று.

அதன் 1489 சி.சி. என்ஜின் முற்றும் பிரித்துப் புதுப்பிக்கப்பெற்றது. ஆயினும் உயிர்பெறவில்லை. பெட்ரோல் வந்தது, பிளக்கில் பொறியும் பறந்தது, கார்புரேட்டர் வழியே வெடியோசைதான் கேட்டது. மட்டமான சாமான்களைப் பூட்டி ஏமாற்றிவிட்டான் என்று இளம் மெக்கானிக்கின்மீது பழி சுமத்தி, உரிமையாளர் கூலியை நிறுத்திவைத்தார்.

அத்தொழிலில் மூத்தவர் ஒருவர் வந்தார். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடி, ஹாண்டிலை மெல்லச் சுற்றச் சொன்னார். இரண்டு சுற்றில் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வரும். ஒருமுறை, எரிகலவையை அழுத்துவதற்கு. மறுமுறை, புகையை வெளியேற்றுவதற்கு. விரலைக் காற்று தள்ளுவது முன்னதில். பொறி விழவேண்டியதும் அப்போதுதான். இங்கோ டிஸ்ட்ரிபியூட்டர் அரைச்சுற்று மாறிப் பொருந்தியிருந்தமையால், பொறி புகைபோகும் வேளையில் விழுந்தது. 1, 3, 4, 2 என்னும் தர்தீப் சரியே, வக்துதான் தவறிற்று.

அதைத் திருத்தியதும் என்ஜின் இயங்கிற்று. சாமான்களில் குற்றமே இல்லை.

உச்சிக்கு வந்த பிஸ்டன் இருவேளையிலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். தவறும் மோசடியும் அப்படித்தான். விரல்வைத்துச் சோதியாமல் ஒருவனை அமானிதத்துக்குத் துரோகம் செய்தவன் என்னலாமா? கூலி அன்றே கொடுக்கப்பட்டது. அவன் சுமந்த பழியை இறக்கிவைக்கப் பணம் போதாது. மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும்.