அடுத்த ஆல்டர்னேட்டரை வாங்காதீர்கள், பெரியப்பா

மார்சிலிங், சிங்கப்பூர்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலிக்குத் தேக்காவில் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். மன்னார்குடி வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

ஆனால் நீங்கள் கேட்ட ஆல்டர்னேட்டரை அனுப்பப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். தாத்தாவின் மோரிஸ் மைனரில் டைனமோவைக் கழற்றிவிட்டு மாருதி 800 ஆல்டர்னேட்டரை மாட்டியதிலிருந்து ஒன்று மாற்றி ஒன்று புகைந்துகொண்டிருக்கிறது. புதுப்பேட்டைச் சரக்கு சரியில்லை என்கிறீர்கள். பெரியம்மா திருஷ்டி என்கிறார். வந்த சரக்கு எல்லாமா சொத்தையாக இருக்கும்? கோளாறு வண்டியில் இருக்கிறது. நான் புதிதாக அனுப்பினாலும் அதற்கும் அதே கதிதான்.

போனில் நீங்கள் பேச்சுவாக்கில் சொன்ன ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை மாட்டி முடித்ததும் உங்கள் மெக்கானிக் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "பாருங்க, வண்டி நிக்கல, சார்ஜ் ஏறுது" என்று காட்டுவாராமே! அது டைனமோ காலத்துச் சோதனை. தாத்தா வண்டியில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ தருவதே 22 ஆம்பியர்தான். உள்ளே டயோடும் இல்லை, ஐசியும் இல்லை. அது பிழைத்துக்கொண்டது. ஆல்டர்னேட்டரில் பேட்டரியைத் திடீரென்று பிரித்தால், அதுவரை பேட்டரி வாங்கிக்கொண்டிருந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. சுழலும் ரோட்டரின் காந்தமும் உடனே அடங்காது. நம் வயலில் பம்ப்செட் ஓடும்போது குழாய் வாயை அடைத்தால் என்ன ஆகும்? அதேதான். 14 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கண் இமைக்கும் நேரத்துக்கு 60 வோல்ட்டையும் தாண்டலாம். டயோடும் ரெகுலேட்டரும் அங்கேயே போகலாம். காயம்பட்டுக் கிடந்து பத்து நாள் கழித்தும் போகலாம். அன்று நன்றாகத்தான் இருந்தது என்று நீங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். திருட்டுப் பயத்துக்குப் போட்ட பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சையும் இன்ஜின் நிற்பதற்கு முன் திருப்பாதீர்கள். அது லூசாக இருந்தால் குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் அதே வேலையைச் செய்யும்.

மெக்கானிக்கிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். டைனமோ கார்பன் மாற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அடுத்தது எர்த். இன்ஜின் ரப்பர் மவுண்டில்தானே உட்கார்ந்திருக்கிறது? பாடிக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் சோக் கேபிள் வழியாகப் பாயும். கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் பட்டை போய்விட்டது என்று அர்த்தம். இன்ஜினுக்கு அழகாகப் பச்சை பெயிண்ட் அடித்தீர்களே, ஆல்டர்னேட்டர் பிராக்கெட் உட்காரும் இடத்தில் அதைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். பெயிண்ட் மின்சாரத்தை விடாது.

பழைய கட்-அவுட் பெட்டிக்குள் டி, ஏ முனைகளை இணைத்து, பழைய வயரிலேயே ஓட்டுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். 22 ஆம்பியருக்கு இழுத்த வயர் 40 ஆம்பியருக்கு மேல் வந்தால் கொதிக்கும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராகத் தடித்த வயர் ஒன்று, நடுவில் ஃபியூஸ். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தம்பி டேஷ்போர்டு பல்புகளை எல்லாம் எல்இடி ஆக்கினானாம். சிவப்பு சார்ஜ் விளக்கில் மட்டும் பழைய 2.2 வாட் பல்பையே போடட்டும். அதன் வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. எல்இடியில் அது போதாது.

இங்கே 35 வருடம் தாண்டிய வண்டியைக் கிளாசிக் என்று பதிவு செய்தால் வருடத்துக்கு 45 நாள்தான் ரோட்டில் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் நிறுத்தம்தான். மார்சிலிங்கில் எங்கள் பட்டறைக்கு வரும் அப்படிப்பட்ட வண்டிகளில் முதலில் செத்திருப்பது பேட்டரிதான். செத்த பேட்டரியோடு கிளப்பினால் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் உழைத்துச் சூடேறிப் போகிறது. உங்கள் வண்டியும் கல்யாணத்துக்குக் கல்யாணம்தானே வெளியே வருகிறது? முந்தின இரவே பேட்டரியைச் சார்ஜரில் போடுங்கள். மாட்டும்போது நெகட்டிவ்தான் பாடிக்கு. மைனர் பிறப்பில் பாசிட்டிவ் எர்த். பழைய ஞாபகத்தில் யாராவது மாற்றி மாட்டினால் ஒரே நொடியில் டயோடு காலி.

தைலத்தோடு சிம் லிம் டவரில் வாங்கிய மல்டிமீட்டர் ஒன்றும் வரும். இப்போது மாட்டியிருப்பதை ரிப்பேர் செய்து போட்டதும், ஹெட்லைட்டைப் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பாருங்கள். பேட்டரி முனைகளுக்கு நடுவே 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரின் பி முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே 0.3க்கு மேல் காட்டக் கூடாது. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2க்கு மேல் கூடாது. இந்த மூன்று எண்ணையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதுவரை எந்தக் கடையிலும் ஆல்டர்னேட்டருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி மகன்