மலையில் இரவு ஏழு மணி

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. அக்கா மகன் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தான். நாற்பதைத் தாண்டியதும் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதும் மனுவில் இந்த வளைவுகளைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் வர வேண்டும். அதனால் இதை முதலில் குறித்து வைக்கிறேன்.

*

நடந்தது இதுதான். ஆடி 18-ஐ ஒட்டிய சனி, ஞாயிறு. வல்வில் ஓரி விழாவுக்கு வந்த கூட்டம். மலையில் ரூம் கிடைப்பதே பெரும்பாடு. மூன்று வாரம் முன்பே ஒரு ஹோம்ஸ்டேக்குப் போன் போட்டுப் பேசி, வெள்ளி, சனி இரண்டு ராத்திரிக்கு 5,600 ரூபாய் என்று முடிவானது. 3,000-ஐ ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்பினேன். மீதி 2,600-ஐ வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுத்தேன். பில் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை ஆகாய கங்கை அருவி. ஆயிரம் படி இறங்கி ஏற வேண்டும் என்பதால் அம்மாவும் அக்காவும் மேலே அறப்பளீசுவரர் கோயிலிலேயே இருந்துகொண்டார்கள். நாங்கள் ஏறி வந்து, டீ குடித்து, ஹோம்ஸ்டேக்குத் திரும்பும்போது இரவு ஏழு மணி. சாரல். எங்கள் பைகள் மூன்றும் வராந்தாவில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தன.

"ஓனர் போன் பண்ணாருங்க சார். கீழ இருந்து பன்னெண்டு பேரு வர்றாங்களாம், மொத்த வீடும் வேணுமாம். உங்கள அனுப்பி வெக்கச் சொல்லிட்டாரு."

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பையன் சொன்னது. இருபது வயதுகூட இருக்காது. பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

ஓனருக்குப் போன் போட்டேன். ஒரு ராத்திரிக் காசைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றார். எழுபத்திரண்டு வயது அம்மாவை வைத்துக்கொண்டு இந்த நேரத்தில் எங்கே போவது என்று கேட்டேன். "அது என் வீடுங்க. யாருக்குக் கொடுக்கணும்னு நான்தான முடிவு பண்ணணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பணம் இன்று வரை வரவில்லை.

*

'என் வீடு.' அவர் சொன்னதில் பொய் இல்லை. நாங்கள் அங்கே வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இல்லை. வாடகைதாரருக்கு உள்ள பாதுகாப்பை இரண்டு ராத்திரி விருந்தாளி கேட்க முடியாது. அப்படியானால் நாங்கள் யார்? ஊருக்கு வந்ததும் இதைத்தான் தேடினேன்.

விடை 1882-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. வக்கீல்கள் ஈஸ்மென்ட் ஆக்ட் என்பார்கள். தமிழில் வசதியுரிமைச் சட்டம். முதலில் அமலான இடங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. பம்பாய்க்கே அது ஒன்பது வருடம் கழித்துத்தான் போனது. இன்னொருவர் இடத்தை அவர் அனுமதியோடு பயன்படுத்துகிறவரை அது 'லைசென்சி' என்கிறது. காசு கொடுத்து ஹோட்டலிலோ ஹோம்ஸ்டேயிலோ தங்குகிறவர் அந்த வகை. கொடுத்த அனுமதியை இடத்துக்காரர் திரும்பப் பெறலாம் என்பதையும் அதே சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதோடு விட்டுவிடவில்லை.

பிரிவு 63: அனுமதியைத் திரும்பப் பெற்றாலும், வெளியேறவும் தன் சாமான்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தர வேண்டும்.

பிரிவு 64: காசு வாங்கிக்கொண்டு கொடுத்த அனுமதி என்றால், வந்தவர் மேல் தப்பு எதுவும் இல்லாதபோது, பேசிய காலம் முடியும் முன்னே அவரை வெளியேற்றினால், அவருக்கு நஷ்ட ஈடு கேட்கும் உரிமை உண்டு.

இதை வாசித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஹோம்ஸ்டே என்ற சொல்லே பிறக்காத காலத்தில், எங்கள் பைகள் வராந்தாவில் கிடந்த அந்தச் சாயங்காலத்துக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருந்தது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வெள்ளைக்காரன் காலத்துலயே இருக்கா?" என்றாள்.

*

நியாயமான அவகாசம் எவ்வளவு? மணிக்கணக்கு எதையும் சட்டம் சொல்லவில்லை. இடத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். என் மனு முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கப்போகிறது.

திருச்சி ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் இரவு ஏழு மணிக்குக் காலி செய்யச் சொன்னால் கோபம் வரும். ஆனால் எதிரிலேயே நாலு லாட்ஜ் இருக்கும், ஆட்டோ இருக்கும், விடிய விடிய பஸ் இருக்கும். கொல்லிமலையில் விழா நேரத்தில் எல்லா ரூமும் நிரம்பியிருக்கிறது. இறங்குவதென்றால் மழை ஈரத்தில், பனிமூட்டத்தில், அந்த 70 வளைவுகளும். வண்டி ஓட்டியவன் நான். பகலிலேயே எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நிற்க இடம் தேடுகிறவன். முள்ளுக்குறிச்சி வழியும் இருக்கிறது, அதுவும் மலைப்பாதைதான்.

மலையில் ஒருவருக்கு ரூம் கொடுப்பது என்பது அந்த இரவில் அவர் பாதையில் இறங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக் கொடுப்பதுதான். ஆகவே இங்கே நியாயமான அவகாசம் என்றால் விடியற்காலை வரை. அதற்கு ஒரு மணி நேரம் குறைந்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் வால்பாறைக்கும் இதையேதான் சொல்வேன்.

*

அன்று இரவு தூங்கியது அந்தப் பையனின் அத்தை வீட்டில். வண்டியில் ஏறி உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது அவனே வந்து கண்ணாடியைத் தட்டினான். "எங்க அத்தை வீடு பக்கத்துலதாங்க. பாட்டிய வெச்சுக்கிட்டு இப்ப இறங்காதீங்க." ஒரே அறை. ஒரு மூலையில் மிளகு மூட்டை, அதன் வாசனை விடியும்வரை. அந்த அம்மா எங்களுக்குப் பாய் விரித்துவிட்டு அடுப்படியில் படுத்துக்கொண்டார். காலையில் காசை எவ்வளவு நீட்டியும் வாங்கவில்லை. சோளக்காடு சந்தையில் அவரிடமே மிளகு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, இரண்டு கிலோ வாங்கினோம்.

பையன் பெயரையோ ஊரையோ இந்த நோட்டில்கூட எழுதவில்லை. மனுவிலும் எழுத மாட்டேன். வேலை போய்விடும்.

*

செம்மேட்டில் ஓரிக்குக் குதிரை மேல் சிலை. கடையேழு வள்ளல்களில் ஒருவன். வேட்டைக்குப் போன காட்டிலேயே பாணர்களுக்கு இறைச்சியும் பொன்னும் கொடுத்தான் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அவன் பேரில் அரசு விழா நடக்கும் நாட்களில், அந்தச் சிலையைக் கடந்துதான் பைகளை ஏற்றிக்கொண்டு போனோம். எனக்கு அழுகை வந்தது. எழுதி வைப்பதில் வெட்கம் இல்லை.

*

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. சேவை என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் தங்குமிடமும் உணவும் பேர் சொல்லியே இருக்கிறது. ஆகவே பேசிய ரூமைக் கொடுக்காதது சேவைக் குறைபாடு. பில் கொடுக்காமல் இருப்பது நேர்மையற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் வருகிறது. அதாவது நான் பில் கேட்காதது என் வழக்கைக் கெடுத்துவிடவில்லை. கொடுக்காதது அவர் குற்றம். இத்தனை நாள் இதை நினைத்துத்தான் தூக்கம் கெட்டது.

ஒரு நுணுக்கம். நியாயமான காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் கொடுக்கும் நிபந்தனையை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அதே சட்டம் சொல்கிறது. 'எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்' என்று அச்சடித்து வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் அந்தப் புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்காது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். எங்களுடையதில் எழுத்தே கிடையாது. சேவைக் குறைபாடு என்று மாவட்டத்தில் போடுவதே போதும்.

நாமக்கல் வரை அலைய வேண்டுமோ என்று அக்கா கேட்டாள். வேண்டாம். புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று 2019 சட்டம் மாற்றிவிட்டது. நான் திருச்சியிலேயே போடுவேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915-க்குப் போன் செய்தால் தேசிய நுகர்வோர் உதவி மையம் எதிர்த்தரப்போடு பேசிப் பார்க்கும். பேசச் சொல்லியிருக்கிறேன்.

*

ஆப் வழியாக புக் செய்திருந்தால்? கொஞ்சம் பிடிமானம் கூடுதல். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஏர்பிஎன்பி போன்றவை தங்கள் பங்குக்கும் விதி வைத்திருக்கின்றன: பிரச்சினை தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் போயிற்று. கமிஷன் மிச்சம் என்று ஓனர் நம்மை ஆப்புக்கு வெளியே பணம் போடச் சொல்லும்போது நாம் இழப்பது இதைத்தான்.

*

ஓனர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நாலு பேர் என்று சொல்லிப் பத்துப் பேர் வருகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்பீக்கர். அருவிப் பாறையில் பாட்டிலை உடைத்துவிட்டுப் போகிறார்கள். அதன் மேல் வெறுங்காலோடு நடப்பவர்கள் மலைக்காரர்கள். இப்படிப்பட்டவர்களை அனுப்ப வேண்டியதுதான். பிரிவு 64-இலும் 'தன் தப்பு இல்லாமல்' என்ற நிபந்தனை இருக்கிறது. அப்போதும் அவகாசம் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். பையைத் தொடாமல் அனுப்ப வேண்டும்.

'இங்கு தங்குபவர்களின் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகையை எல்லா இடத்திலும் பார்க்கிறோம். 1998-இல் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் விருந்தினர் ஒருவர் நிறுத்தக் கொடுத்த மாருதி ஜென் கார் திருடுபோனது. 'உரிமையாளர் பொறுப்பில்' என்று டோக்கனில் அச்சடித்திருந்தது. சாவியை வாங்கிக்கொண்ட ஹோட்டல், தன் அஜாக்கிரதையை அந்த வரியைக் காட்டி மறைக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பலகைதான் சட்டம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வருவதை நாம் நிறுத்த வேண்டும்.

*

எங்களை அனுப்பியது பணத்துக்காக. இதைவிடக் கேவலமான காரணங்களுக்காகவும் அனுப்புகிறார்கள்.

கல்யாணம் ஆகாத ஜோடி என்பது ஒன்று. கோவையில் ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்டுக்கு 2019 ஜூனில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே ரூமில் இருந்தார்கள் என்பது. அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எம்.எஸ்.ரமேஷ் சீலை அகற்றச் சொன்னார். அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது என்றார். எல்லாருக்கும் ரூம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு இல்லை. ஆனால் காசை வாங்கிக்கொண்டு, ரூமில் ஏற்றிவிட்டு, பாதி ராத்திரியில் "போலீஸ் கேஸ் ஆயிடும், கிளம்புங்க" என்று மிரட்டுகிறவருக்கு இனி அந்தச் சாக்கு இல்லை.

இன்னொன்று, ரிஜிஸ்டரில் பேரை எழுதிய பிறகு, "நீங்க எந்த ஊரு, எந்தப் பக்கம், யாரு வீடு" என்று சுற்றி வளைத்து வரும் விசாரணை. நம் ஊரில் இதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். அரசியல் சட்டத்தின் 15(2), சாதி, மதம், பாலினம், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணம் காட்டி ஹோட்டலுக்குள் விட மறுக்கக் கூடாது என்கிறது. இது அரசாங்கத்தை மட்டுமல்ல, தனியாரையும் கட்டும். தீண்டாமையின் பேரில் மறுத்தால் 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயில். இங்கே 1915-க்கெல்லாம் போன் செய்துகொண்டிருக்கக் கூடாது. நேரே போலீஸ் ஸ்டேஷன். மலையில் என்றால் வாழவந்திநாடு.

*

அன்று செய்யாமல் விட்டவை. வராந்தாவில் பைகள் கிடந்ததை இருந்த இடத்திலேயே போட்டோ எடுக்கவில்லை. மழைக்கு எடுத்து உள்ளே வைக்கத்தான் ஓடினேன். ஓனரிடம் பேசியதையே உடனே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருக்க வேண்டும்: 'இரவு 7.10-க்கு எங்களைக் காலி செய்யச் சொல்கிறீர்கள், காரணம் இது.' பதில் வராவிட்டாலும் நேரம் பதிவாகியிருக்கும். 112-க்கும் போன் செய்யவில்லை. யார் பக்கம் நியாயம் என்று அவர்கள் அந்த நேரத்தில் தீர்க்கப்போவதில்லை. ஆனாலும் கூப்பிட்டது பதிவில் இருந்திருக்கும்.

கையில் இருப்பவை: ஜிபே ரசீது, 'இரண்டு நைட் கன்ஃபார்ம்' என்று அவர் போட்ட மெசேஜ், அன்று இரவு நான் பேசிய நாலு நிமிடக் காலின் பதிவு. எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்தாயிற்று.

*

நஷ்ட ஈட்டுக் கணக்கு. இரண்டாவது ராத்திரிக்கு 2,800. மன உளைச்சலுக்கு எவ்வளவு என்று யோசித்து இடம் விட்டிருக்கிறேன்.

அம்மா ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறாள். அவளுடைய மாத்திரை டப்பா, கிழமைக்கு ஓர் அறையாக ஏழு அறை உள்ளது. எங்கள் சாமான்களை அள்ளிப் போட்டவர்கள் கொடியில் கிடந்த ஈரப் புடவையையும் அதையும் ஒரே பைக்குள் திணித்திருந்தார்கள். மூடி திறந்துகொண்டிருந்தது. ஞாயிறு, திங்கள் அறைகளில் மாத்திரைகள் கரைந்து வெள்ளையாக ஒட்டிப்போயிருந்தன. விலை பார்த்தால் நூறு ரூபாய்கூட வராது.

"எழுது. ஞாயித்துக்கிழமை காலைல நான் பிரஷர் மாத்திரை போடலைன்னு எழுது" என்கிறாள்.