காட்டிக்கொடுக்கப்பட்ட இரவின் பந்தி



55-ஆம் சங்கீதத்தில் தாவீதை நிலைகுலையச் செய்தவன் பகைவன் அல்ல. அவரோடு கூடித் தேவாலயத்துக்கு நடந்து வந்த நண்பன். அந்தச் சங்கீதத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அதன் வலியை அறிந்ததோ பிற்பாடுதான்.

முன்பு வேறொரு சபையில் ஊழியம் செய்த காலத்தில், நண்பர் ஒருவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டேன். எங்கள் வீட்டில் உண்டவர். என் பிள்ளைகள் பெரியப்பா என்று அழைத்தவர். பிணைப்படுவதைக் குறித்து நீதிமொழிகள் தரும் எச்சரிப்பைப் பிறருக்குப் போதித்த நானே அதை மறந்தேன். ஓராண்டுக்குள் அவர் தவணை கட்டுவதை நிறுத்தினார். நோட்டீஸ் என் வீட்டுக்கு வந்தது. “போதகர் தாமாகவே முன்வந்து கையெழுத்திட்டார்” என்று அவர் பிறரிடம் சொல்லி வந்ததையும் அறிந்தேன். பணத்தைவிட அந்த வார்த்தையே என்னை அதிகம் காயப்படுத்தியது.

அந்த மாதத் திருவிருந்து ஆராதனைக்கு அவரும் வந்திருந்தார். அப்பத்தைக் கையில் எடுத்து, 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தை வாசிக்கத் தொடங்கினேன். திருவிருந்தின் வரலாற்றைப் பவுல் எங்கிருந்து தொடங்குகிறார்? எந்த வீடு, எந்த மேலறை என்று அவர் கூறவில்லை; ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவு அது என்றே கூறுகிறார். எத்தனையோ முறை வாசித்த அந்தச் சொல் அன்று என் தொண்டையில் நின்றது. காட்டிக்கொடுக்கிறவனின் கையும் அந்தப் பந்தியில் இருந்ததாக லூக்கா 22 சொல்கிறது. ஆனாலும் இயேசு அப்பத்தைப் பிட்டார். என் நண்பர் கை நீட்டினார். நடுங்கிய கையோடு கொடுத்தேன்.

அந்த நொடியே கசப்பு நீங்கிற்று என்றால் அது பொய்யாகும். மறுநாள் காலையில் அது என்னோடு எழுந்தது. ஏன் என்பது நெய்வேலிக்கு வந்த பின்பே விளங்கியது. நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நீர் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரவும் பகலும் அதை இறைத்தால்தான் சுரங்கத் தரை பிளக்காமல் வேலை நடக்கும். ஒரு நாள் இறைத்துவிட்டு நிறுத்த முடியாது. மன்னிப்பும் அப்படியே. ஆண்டவர் பேதுருவுக்குச் சொன்ன ஏழெழுபது, ஒரே குற்றம் மறுபடியும் மறுபடியும் நினைவில் ஊறும்போதும் நமக்குத் தேவைப்படுகிறது. தவணை கட்டும் ஒவ்வொரு மாதமும் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். அதுவே நான் இறைத்த விதம்.

மன்னிப்பது என்றால் கண்ணை மூடிக்கொள்வது அல்ல. தன்னை விற்ற சகோதரருக்குத் தானியம் கொடுத்த யோசேப்பு, பென்யமீனுக்குப் பதிலாக அடிமையாக யூதா முன்வரும்வரை தன்னை வெளிப்படுத்தவில்லை. மன்னிப்பை இன்றே கொடுக்கலாம். நம்பிக்கை மீண்டும் வளர வேண்டும். அவர் சொல்லி வந்தது உண்மையல்ல என்பதை மத்தேயு 18 காட்டும் வழியில் அவரிடம் தனியே சொன்னேன். மறுபடியும் ஜாமீன் நிற்கவில்லை.

துரோகம் நம் அழைப்பையும் பறித்துக்கொள்ள விடக்கூடாது. இதற்கு நம் சோழமண்டலக் கரையிலேயே சான்று உண்டு. டென்மார்க் அரசர் அனுப்ப, 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தவர் சீகன்பால்கு. 1708-ன் இறுதியில் அவரைச் சிறையில் அடைத்தவர், அவருக்குத் துணை நின்றிருக்க வேண்டிய தரங்கம்பாடித் தளபதி ஹாசியஸ். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கிய சில வாரங்களில் இது நேர்ந்தது. ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின் விடுதலையானவர், விட்ட பணியைத் தொடர்ந்து 1711-ல் முடித்தார். 1715-ல் அது அச்சில் வெளிவந்தது. சிறைக்கதவோடு அவர் மனமும் பூட்டப்பட்டிருந்தால், தமிழர் கையில் அந்த நூல் அன்று வந்திராது.

என் கடைசித் தவணையும் முடிந்து வெகுநாளாயிற்று. நண்பர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் இறைப்பதை நிறுத்தவில்லை.

அடுத்த முறை திருவிருந்துக்கு வருமுன், யாருடைய பெயர் உங்கள் தொண்டையில் நிற்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயரை ஆண்டவரிடம் சொல்லுங்கள்.

ஜெபம்: காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலும் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த ஆண்டவரே, எங்கள் காயத்தின் கணக்கை உம்மிடம் ஒப்படைக்கிறோம். இன்றைக்குத் தேவையான மன்னிப்பை இன்று தாரும். ஆமென்.