மணற்காட்டுக்கு வருபவர்கள் பார்க்காமல் போகும் கைகள்

பருத்தித்துறையிலிருந்து கரையோரமாகத் தென்கிழக்கே போனால், வல்லிபுரத்தைத் தாண்டியதும் நிலம் நிறம் மாறிவிடும். தோட்டங்களும் கிணற்றடிகளும் பின்னால் நின்றுவிட, வெள்ளை மணல் மேடு மேடாக எழும். இதுதான் மணற்காடு. யாழ்ப்பாணத்தின் பாலைவனம் என்று இதைச் சொல்லித்தான் வாகனச் சாரதிகள் பயணிகளை அழைத்து வருகிறார்கள். மணலுக்குள் பாதி மறைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களுக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். சவுக்குத் தோப்பு நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் இந்தக் கரையில் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்பதை, அதில் இறந்தவர்களின் கல்லறைகளைக் கண்ட சிலர் மட்டும் கேட்டறிகிறார்கள். பிறகு வாகனம் திரும்பிவிடுகிறது.

2009இல் போர் முடிந்து கண்டி வீதி தடையின்றித் திறந்த பிறகு, யாழ்ப்பாணம் பார்க்க வருவோர் போகும் இடங்கள் ஏறக்குறைய ஒரே பட்டியலாகிவிட்டன. போர்த்துக்கேயர் எழுப்பி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாகக் கட்டிய கோட்டை, 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொதுநூலகம், நல்லூர், மந்திரிமனை, கீரிமலை, கந்தரோடை, நேரமிருந்தால் நெடுந்தீவு. இவற்றில் எதையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்த வறண்ட நிலத்தில் ஒரு நகரமும் அதைச் சுற்றி இத்தனை ஊர்களும் எப்படி நிலைத்தன என்ற கேள்விக்குப் பதில் அந்தச் சுவர்களில் இல்லை. அதைத் தேடித்தான் மணற்காட்டு வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒழுங்கைகளில் நடந்தேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கையாறு கூட மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைச் சுண்ணக்கல் உள்வாங்கி வைத்திருக்கும். மிச்ச மாதங்களில் அந்த நீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் மனிதர் பிழைக்க வேண்டும். இப்படிப்பட்ட மண்ணில் யாரும் நீர் ஊற்றாமல், உரம் போடாமல் நிமிர்ந்து நிற்கிற மரம் பனை. துலாவில் கட்டி நீர் இறைத்த பட்டை அதன் ஓலையில் கோலியது. பயிருக்கு உரமாகத் தோட்டத்தில் தாழ்த்ததும் பனையோலைதான். வீட்டுக் கூரையைத் தாங்கிய வளையும் சலாகையும் பனை. அந்த மரங்களை ஒல்லாந்தர் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு விற்றார்கள். வேலியும் பாயும் பெட்டியும் ஏடும் பனை. நூலகம் எரிந்த இரவில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு சாம்பலான சுவடிகளும் இந்த மரத்தின் ஓலைதான்.

வல்லிபுரத்துக்கு அணித்தான ஒரு வளவில், தென்னோலைக் கொட்டிலின் கீழ் பெண்கள் சிலர் நிலத்தில் அமர்ந்து இழைத்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் தலையை நிமிர்த்தாமலே, "வாங்கோ தம்பி, அந்தப் பாயிலை இருங்கோ. ஓலையை மட்டும் மிதிச்சுப்போடாதேங்கோ" என்றார்.

எல்லா ஓலையும் இழைப்புக்கு உதவாது. முற்றி விரிந்தது வேலிக்கும் மாட்டுக்கும் தோட்டத்துக்கும் போகும். இவர்களுக்கு வேண்டியது வட்டின் நடுவில் எழும் குருத்தும், அதற்கடுத்து விரியத் தொடங்கும் சார்வோலையும். குருத்தை ஒரே மரத்தில் அடிக்கடி வெட்டினால் மரம் நலிந்துபோகும். எந்தப் பனையில் எப்போது எடுத்தோம் என்ற கணக்கை இந்தப் பெண்கள் மனத்திலேயே வைத்திருக்கிறார்கள். வெட்டி வந்த ஓலையை வெயிலில் காயப்போட்டு, பாரம் வைத்து மட்டமாக்கி, ஈர்க்கை நீக்கி, வேண்டிய அகலத்துக்கு வார்ந்தெடுக்க வேண்டும். சாயம் தேவையென்றால் கொதிநீரில் சாயத்தைக் கரைத்து, ஓலையை அதிலே அவித்து, நிழலில் உலர்த்துவார்கள். இழைப்புத் தொடங்கும் முன்னரே வேலையின் பாதி முடிந்துவிடுகிறது. விலை பேசுகிறவர் கண்ணுக்கு அந்தப் பாதி தெரிவதில்லை.

"வெய்யில் ஏறினாப் பிறகு இழைச்சால் ஓலை முறியும். பனி பட்டால்தான் சொல்லுக் கேக்கும். அதுதான் விடியப்புறமே எழும்பி இருந்திடுறது" என்றார் அந்த அம்மா. அவருக்குப் பக்கத்தில் இருந்த அக்கா ஒரு கடகத்துக்கு விளிம்பு வைத்துக்கொண்டிருந்தார். கடகத்தின் அடி சதுரம், வாய் வட்டம். சதுரமாகத் தொடங்கிய இழைப்பை மூலைகளில் மடக்கி வட்டமாக உயர்த்துவதற்கு அளவுகோல் எதுவும் அவரிடம் இல்லை. உள்ளும் புறமுமாக இரண்டு பெட்டிகளை இழைத்து ஒன்றுக்குள் ஒன்றைப் புகுத்தி, மட்டையிலிருந்து உரித்த நாரால் விளிம்பைப் பொத்துகிறார். நெல்லோ மண்ணோ கல்லோ, நிறையச் சுமந்தாலும் அறாத கடகம் அப்படித்தான் உருவாகிறது. பொத்துகிற ஊசித் துளை ஒன்று தள்ளிப்போனால், பாரம் ஏறும்போது அந்த இடம்தான் முதலில் பிரியும். ஆகவே விளிம்பு வேலையை இளையவர்களிடம் எளிதில் கொடுப்பதில்லை.

வளவு முழுதும் அவர்கள் செய்த பொருட்கள் கிடந்தன. பிட்டு அவிக்கிற கூம்பு வடிவ நீத்துப்பெட்டி, ஈர்க்கால் பின்னிய இடியப்பத் தட்டு, அரிசி புடைக்கிற சுளகு, பானை இருத்துகிற திருகணை, வெற்றிலை பாக்கு வைக்கிற கொட்டைப்பெட்டி, பனங்கட்டி வார்க்கிற குட்டான். குட்டானில் ஊற்றி இறுகிய பனங்கட்டிக்கு ஓலையின் மணம் ஏறும். அலுமினியத் தட்டில் ஊற்றினால் அந்த மணம் வராது. மரத்தின் சாறும் அதே மரத்தின் ஓலையும் மறுபடி சேர்கிற இடம் அந்தச் சின்னக் குட்டான்.

சாற்றைத் தருகிறவரைப் பார்க்க, அடுத்த வளவில் பனந்தோப்புக்குள் போனேன். காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி செருகிய கூடு, தோளில் முட்டி. கழுத்தை அண்ணாந்தால்தான் வட்டு தெரியும் உயரத்தில் அவர் நின்றார். காலையும் மாலையும் ஏற வேண்டும். பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, கட்டி, நுனியை மெல்லிசாகச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். சீவுவது அரை விரற்கடை கூடினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். குறைந்தால் சாறு கசியாது. முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காத கருப்பணி, தடவாவிட்டால் கள். கருப்பணியை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். நேரம் பிந்தினால் பாகு இறுகாது.

இறங்கி வந்தவரிடம், "அண்ணை, எந்தக் காலம் கஷ்டம்?" என்று கேட்டேன். "மழைக்கு மரம் வழுக்கும். சோளகத்துக்கு வட்டு ஆடும். ரெண்டுக்கும் பயந்தால் முட்டி நிறையாது" என்றார். பிறகு கத்தியைத் துடைத்தபடி சொன்னார்: "நான் ஏறுறன். ஆனால் மகனை ஏறச் சொல்ல மனம் வருகுதில்லை."

அவர் அப்படிச் சொல்வதற்கு உயரம் மட்டும் காரணமில்லை. கள்ளையும் பனங்கட்டியையும் ஓலைப்பாயையும் ஏற்றுக்கொண்ட யாழ்ப்பாணச் சமூகம், அவற்றைத் தந்தவர்களைப் பல காலம் கோயில் வாசலிலும் தேநீர்க் கடை வாசலிலும் நிறுத்தி வைத்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைவதற்கே போராட வேண்டியிருந்தது. 1970களில் மரவரி முறையும் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் வந்தபோதுதான் சீவல் தொழிலாளர் தவறணைக் குத்தகைக்காரரின் கையிலிருந்து ஓரளவு விடுபட்டார்கள். வருமானத்தில் வந்த அந்த மாற்றம் மரியாதையில் முழுதாக வரவில்லை. ஒரு தொழில் அழிவதற்கு நெகிழிப் பொருட்களைக் குற்றம் சொல்லுவது எளிது. அதைச் செய்கிறவரை நிமிர்ந்து நிற்கவிடாத சமூகமும் அந்த அழிவில் பங்குகொண்டது என்பதை நாம் சொல்லியே ஆகவேண்டும்.

போரும் தன் பங்கை எடுத்தது. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனங்குற்றிகள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டன. எறிகணை பட்டு வட்டிழந்து மொட்டையாக நின்ற பனைகள் எங்கள் தலைமுறை கண்ட காட்சி. இடம்பெயர்ந்து போன குடும்பங்கள் திரும்பி வந்தபோது, தோப்பும் இல்லை, பாளைக்கத்தி பிடித்த சிலரும் இல்லை. வடலி ஒன்று பாளை விட ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் வேண்டும். போர் முடிந்த ஆண்டில் முளைத்த பனை இப்போதுதான் தொழிலுக்கு வருகிறது. இந்த நேரத்தில், வடமராட்சி கிழக்கில் மணல் அகழ்வு அதன் அடி மண்ணையே பறிக்கிறது. சோளகமும் வாடையும் அள்ளி வீசும் மணலைப் பிடித்து வைப்பது இந்தப் பனையின் வேரும் கரையோரத் தாவரங்களும்தான். மணல் மேட்டை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மணற்காட்டைச் சுற்றுலாத் தலம் என்று விளம்பரம் செய்வதில் நியாயமில்லை.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் உருவானது. யாழ் நகரில் அதன் கற்பகம் விற்பனை நிலையத்திலும், பேருந்து நிலையத்தைச் சுற்றிய கடைகளிலும் பனம்பொருட்கள் கிடைக்கின்றன. பயணிகள் அங்கே வாங்குவது பெரும்பாலும் நிறம் பூசிய சின்னப் பெட்டி, விசிறி, சாவிக்கொத்துத் தொங்கல். விற்பனை நடப்பது நல்லதுதான். ஆனால் கடகமும் சுளகும் பாயும் நீத்துப்பெட்டியும் கேட்பாரின்றிப் போக, இழைக்கிற பெண்களின் கை சின்னச் சின்ன அலங்காரப் பொருட்களிலேயே நின்றுவிடுகிறது. இரட்டைக் கடகம் பொத்தத் தெரிந்தவர் அந்த வளவில் இருவர்தான். ஒரு கடகத்துக்கு இடைத்தரகர் கொடுப்பது, அதே நேரத்துக்கு வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனால் கிடைப்பதைவிடக் குறைவு. "பிள்ளையள் படிச்சு முன்னுக்கு வரட்டும். இந்த வேலையும் என்னோடை முடியப்படாது. எனக்கு ரெண்டும் ஆசைதான் தம்பி" என்றார் விளிம்பு பொத்திய அக்கா. அந்த இரண்டு ஆசைகளும் ஒன்றையொன்று மறுக்காத விதமாக இத்தொழிலுக்கு விலை வைப்பதுதான் நம் பொறுப்பு.

இது நடக்காத காரியமன்று. கடலுக்கு அப்பால் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணலிலும் இதே பனைதான் நிற்கிறது. அங்கே உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு 2021இல் அறிவித்தது. இலங்கையிலும் சிலோன் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் குறியீட்டை அளித்தது. அப்படியானால் யாழ்ப்பாணத்துக் குட்டான் பனங்கட்டிக்கும், வடமராட்சிக் கடகத்துக்கும் ஏன் கேட்கக் கூடாது? 2017 செப்டம்பரில் நாட்டில் பொலித்தீன் சாப்பாட்டுத் தாள்களுக்குத் தடை வந்தது. அந்த இடத்தை நிரப்பக்கூடிய பனையோலைத் தட்டுவமும் பெட்டியும் நம் ஒழுங்கைகளிலேயே இழைக்கப்படுகின்றன. கோயில் அன்னதானங்களும் திருமண மண்டபங்களும் விடுதிகளும் ஆண்டுதோறும் ஒரு தொகையை இந்தப் பெண்களிடம் நேரே சொல்லி வைத்தால் போதும், மாரியிலும் கோடையிலும் கையில் வேலை இருக்கும்.

வல்லிபுரத்தில் 1936இல் கண்டெடுத்த பொன்னேடு, கிறித்துவுக்குப் பின் 2ஆம் நூற்றாண்டளவில், வசப மன்னன் காலத்தில் இந்தக் கரை நாகதீபமாக ஆளப்பட்டதைச் சொல்கிறது. அத்தனை பழமையான குடியிருப்பு நிலத்தில் இன்றும் இந்தத் தொழிலாளர்கள் ஓலை வார்கிறார்கள், பாளை சீவுகிறார்கள். கோட்டைச் சுவரைப் பழுதுபார்க்கத் தொல்லியல் திணைக்களம் இருக்கிறது. இவர்களுடைய கை நுட்பத்தைக் காக்க வாங்குகிறவர் மட்டுமே இருக்கிறார்.

ஆகவே மணற்காட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மணல் மேட்டையும் கோயிற் சுவரையும் பார்த்த பின் வாகனத்தை உடனே திருப்பாதீர்கள். பக்கத்து ஒழுங்கையில் ஓலை இழைக்கிற வளவு எது என்று விசாரித்துப் போங்கள். அலங்காரத்துக்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கினால், வீட்டில் பாவிக்க ஒரு சுளகோ நீத்துப்பெட்டியோ கடகமோ சேர்த்து வாங்குங்கள். சொன்ன விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். பனை நிற்கிற காணி உங்களுக்கு இருந்தால், வடலிகளை வெட்டாமல் விடுங்கள்.