முற்றத்தில் ஒரு தேடுதல்

'தேடுதல்' என்பது அகராதியில் எளியதொரு சொல். கன்று தாயைத் தேடுகின்றது. உழைப்பாளி பொருளைத் தேடுகின்றான். ஆயின் 1980களின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்தவர்களுக்கு அச்சொல் வேறொன்றையும் உணர்த்தும். விடியற்காலையில் ஒழுங்கை முனையில் வந்து நிற்கும் வாகனங்களும், சுற்றிவளைப்பும், அடையாள அட்டையுடன் வரிசையில் நிற்கும் ஆண்களும், கிளறப்பட்ட அலுமாரிகளுமே அவர்களின் மனக்கண்முன் தோன்றும். இத்தகைய மண்ணில், முட்டைகளை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடச் செய்யும் விளையாட்டொன்று எவ்வாறு வேர்கொள்ளும்? இளவாலையில் ஒரு வீட்டில் அது வேர்கொண்ட வரலாறு இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருகின்றது.

இவ்விளையாட்டு ஈழத்துக் கத்தோலிக்கருக்கு மரபுவழி வந்ததன்று. போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டிற் கொணர்ந்த சமயத்தோடு தவக்காலமும் பெரிய வெள்ளியும் உயிர்த்த ஞாயிறும் இங்கு வந்தன. பின்னர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் அக்காலத்தின் துயரத்துக்குத் தமிழிலே குரல் கொடுத்தது. முட்டைகளை ஒளித்துவைக்கும் முயலின் கதையோ ஜேர்மானிய நிலத்துக்கு உரியது. 1682இல் அந்நாட்டு மருத்துவர் ஒருவர் இலத்தீனில் எழுதிய நூலில் அக்கதை காணப்படுகின்றது. இங்கிலாந்திலே 1833ஆம் ஆண்டில், அப்போது இளவரசியாயிருந்த விக்ரோறியா, தம் அன்னை ஒளித்த முட்டைகளைத் தேடி மகிழ்ந்ததை நாட்குறிப்பில் எழுதினார். அவ்வன்னையும் ஜேர்மனியிலிருந்து வந்தவரே. புகுந்த நாட்டுக்குத் தாய்மார் தம்முடன் எடுத்துச் செல்லும் வழக்கங்களுள் இதுவும் ஒன்றெனலாம்.

முட்டை இவ்விழாவோடு இணைந்தமைக்கு ஒரு காரணம் எளியது. மத்திய காலத் திருச்சபை தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையையும் விலக்கியிருந்தது. மனிதர் நோன்பிருக்கலாம், கோழி நோன்பிருப்பதில்லை. நாற்பது நாளும் சேர்ந்த முட்டைகள் உயிர்த்த ஞாயிறன்று உணவாகவும் பரிசாகவும் விளையாட்டுப் பொருளாகவும் மாறின.

2020இல் இளவாலை வீட்டிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்ந்தது. கொரோனாத் தொற்றின் காரணமாக மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணம் அபாயமிக்க மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டு, இடைவிடாத ஊரடங்கினுள் வைக்கப்பட்டது. வளவில் நின்ற ஊர்க்கோழிகளின் முட்டைகளைக் கடைக்குக் கொடுக்க வழியில்லை. வீட்டு மூதாட்டியோ தவக்காலத்தில் முட்டை உண்பதில்லை. ஏப்ரில் 12இல் உயிர்த்த ஞாயிறு. தேவாலயக் கதவுகள் மூடியிருந்தன. முந்திய ஆண்டில், 2019 ஏப்ரில் 21இல், கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்து மக்கள் மாண்டதும் அதே திருநாளில்தான். மட்டக்களப்பில் மாண்டவருட் பலர் சிறுவர். புத்தாடை தைக்கும் மனநிலை அவ்வீட்டில் எவருக்கும் இருக்கவில்லை.

இந்நிலையில் றொறன்ரோவிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் அழைத்து, அங்கு தம் பிள்ளைகள் முட்டை தேடுவதைப் பற்றிக் கூறினார். நான்கும் ஏழும் பத்தும் வயதான மூன்று பிள்ளைகளும் அன்றிலிருந்து தாயை விடவில்லை. ஆசிரியையான தாய் உடன்பட்டார். மூதாட்டி உடன்படவில்லை.

"தேடுறதெண்டு இந்த வளவுக்குள்ளை இனி ஒண்டும் வேண்டாம், பிள்ளை" என்பதே அவர் கூறியது.

அம்மறுப்பின் காரணத்தை மகள் அறிவார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, மூதாட்டியின் கணவர் காணி உறுதியையும் விவாகப் பதிவையும் இரண்டு காப்புகளையும் பிஸ்கற் தகரத்தில் இட்டு வளவில் எங்கோ புதைத்தார். இடத்தைச் சொல்ல அவகாசமிருக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் சொல்லலாம் என்றிருந்தார். போன இடத்திற் காய்ச்சல் கண்டு, திரும்பாமலே இறந்தார். 1996இல் மூதாட்டி பெண் பிள்ளைகளோடு திரும்பி வந்து மாமரத்தடியிலும் கிணற்றடியிலும் தோண்டிப் பார்த்தார். தகரம் கிடைக்கவில்லை. மண்டையோட்டுச் சின்னம் பொறித்த சிவப்புப் பலகைகள் குடாநாட்டிற் பரவலாக நின்ற காலம் அது. 'தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே' என்ற பாடத்தைப் பாடசாலையிற் படித்து வளர்ந்தவரே இன்று மூன்று பிள்ளைகளின் தாய். புல்லுக்குள் ஒளிந்திருக்கும் பொருளைக் கண்டதும் ஓடிச்சென்று எடு என்று தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அவர் துணிந்தது சிறிய செயலன்று.

மகள் தர்க்கம் புரியவில்லை. "அப்பிடியெண்டால் நீங்களே ஒளிச்சு வையுங்கோ, அம்மா" என்று மட்டும் சொன்னார். நீண்ட நேரம் பேசாதிருந்த மூதாட்டி ஈற்றில் ஒரு நிபந்தனையோடு இசைந்தார். "ஒளிக்கிறது பெரிய வேலையில்லை. ஒளிச்ச இடம் இன்னொருத்தருக்கும் தெரியவேணும்."

அதன் பின்னர் ஏற்பாடுகள் அவர் கைக்கு மாறின. பதினெட்டு முட்டைகள் அவிக்கப்பட்டன. மூத்தவனுக்கு வெங்காயத் தோலிட்டு அவித்த செம்மண் நிற முட்டைகள், இளையவனுக்கு மஞ்சள், கடைக்குட்டிக்குப் பீற்றூட் சாற்றின் இளஞ்சிவப்பு என ஆளுக்கு ஆறு. பெரியவன் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாதிருக்க நிறமே வேலியாயிற்று. சாயம் பற்றுவதற்குத் தேசிக்காய்ப்புளி சேர்க்கப்பட்டது. சித்திரை வெயிலில் அவித்த முட்டை நெடுநேரம் தாங்காது, எறும்பும் விடாது. எனவே முதல்நாள் இரவில் ஒளித்தல் கூடாது, விடியலில் ஒளித்து வெயில் ஏறுமுன் முடித்தல் வேண்டும். பாம்பு இருக்கக்கூடுமாதலால் பனையோலைக் குவியலும் விறகு அடுக்கும் விலக்கு. மண்ணைத் தோண்டுதல் முற்றாக விலக்கு. ஒவ்வொரு முட்டைக்கும் இலக்கமிட்டு, கிணற்றுக்கட்டு, உரற்குழி, செவ்வரத்தையடி, ஆட்டுக்கொட்டிற் தாழ்வாரம் என இடங்கள் கொப்பித் தாளில் எழுதப்பட்டன. ஒரு பிரதி மூதாட்டியிடமும் மற்றது மருமகனிடமும் இருந்தன.

தொலைக்காட்சியிற் பூசை கண்ட பின்னர் பிள்ளைகள் முற்றத்தில் இறங்கினர். மூத்தவன் ஒழுங்காகத் தேடினான். இளையவன் ஓடியோடித் தேடினான். கடைக்குட்டியோ உரற்குழியிற் கண்டெடுத்த முட்டையை மறுபடி அங்கேயே வைத்து, மறுபடி கண்டெடுத்து மகிழ்ந்தாள். அரை மணிக்குள் பதினேழு முட்டைகள் கடகத்தினுள் சேர்ந்தன.

ஏழாம் இலக்கம் மட்டும் இல்லை. தாளில் 'மாமரக் கவடு' என்றிருந்தது. கவடு வெறுமையாயிருந்தது.

ஒரு முட்டைதானே என்று மருமகன் சிரித்தார். பிள்ளைகளும் உண்பதற்கு விரைந்தனர். மூதாட்டி அசையவில்லை. கையில் தாளோடு மாமரத்தடியில் நின்றார். அந்நிற்றலின் பொருள் மகளுக்கு விளங்கியது. அவர் மீண்டும் முற்றத்தில் இறங்கினார். பின்னர் மருமகன், பின்னர் பிள்ளைகள். முழுக் குடும்பமும் சேர்ந்து தேடிய சிறிது நேரத்தில், கிளுவை வேலியோரம் மஞ்சள் நிறக் கோதுத் துண்டுகளை இளையவன் கண்டான். மதிற் காகம் கரைந்துகொண்டிருந்தது. மூதாட்டி கோதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஏழாம் இலக்கத்துக்கு எதிரே 'காகம்' என்று எழுதினார். அதன் பின்னரே வீட்டினுள் நுழைந்தார்.

இழந்த பொருள் திரும்பாது எனினும் அதற்கு என்ன நேர்ந்ததென்று அறிந்து எழுதிவைத்தல் ஒரு மனிதத் தேவை. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்ததும் இத்தேவையினாலேதான். முட்டையையும் பிள்ளையையும் ஒப்பிடுதல் தகாது. ஆயினும் கணக்கில் ஒன்று குறைந்தால் அமைதி கொள்ளாத மனம் அம்முற்றத்திலும் அவ்வீதியோரத்திலும் ஒன்றே.

காலை உணவின்போது பிள்ளைகள் முட்டையோடு முட்டையை மோதி உடைத்தனர். உலகின் பல பகுதிகளிற் கிறிஸ்தவர் இவ்வாறு செய்வதைத் தாய் எடுத்துரைத்தார். "இது போர்த்தேங்காய்தானே!" என்றார் மூதாட்டி. சித்திரைப் புத்தாண்டில் ஊர் இளைஞர் தடித்த சிரட்டைத் தேங்காய்களைத் தேடிச் சேர்த்து, ஒன்றை மற்றொன்றால் மோதியுடைக்கும் அவ்விளையாட்டைத் தம் தந்தையார் ஆடியதை அவர் விரிவாகக் கூறினார். அந்நிய நாட்டு முட்டை அந்நேரத்திலேயே அவ்வீட்டு உரிமை பெற்றதெனலாம்.

ஊரடங்கு நீங்கிய பின்னரும் அவ்வழக்கம் ஆண்டுதோறும் தொடர்கின்றது. கொப்பித் தாள்கள் குடும்ப வேதாகமத்தினுள் அடுக்கடுக்காய் உள்ளன. பிஸ்கற் தகரம் இன்றும் மண்ணினுள்ளேதான். எனினும் தவக்காலம் பிறந்ததும் கடைக்குட்டி, "அம்மம்மா, தேடுதல் எப்ப?" என்று கேட்கின்றாள். அச்சொல்லில் அவளுக்கு அச்சமேதும் இல்லை. மூதாட்டியும் இப்போது நாளை எண்ணிச் சொல்லிவிடுகின்றார்.