முன்பணம் கட்டிய வெளிச்சம்

சிங்கப்பூரில் வீடு மாறும்போது மின்சாரத்தைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. எஸ்பி குழுமத்தில் கணக்கு திறந்து வைப்புத்தொகை கட்டினால் விளக்கு எரிகிறது, குளிர்சாதனம் ஓடுகிறது, மாதம் முடிந்ததும் கட்டண விவரம் வருகிறது. முதலில் பயன்படுத்துகிறோம், பிறகு பணம் கட்டுகிறோம். இந்த வரிசை தலைகீழாகவும் இருக்கலாம் என்பதை 2015ல் லண்டனில் ஊடகத்துறை மேற்படிப்பு படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

மாணவர் விடுதியில் வாடகையிலேயே மின்கட்டணமும் அடங்கிவிடும். அங்கிருந்து தோழி ஒருத்தியுடன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சிறிய வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தேன். மாடிப்படிக்குக் கீழே மீட்டர். அதில் ஒரு பிளாஸ்டிக் சாவி. அந்தச் சாவியைக் கடைக்கு எடுத்துச் சென்று பணம் ஏற்றி வந்து மீண்டும் மீட்டரில் செருக வேண்டும். பணம் தீரும்வரை மின்சாரம் வரும். அதன்பின் அவசரத் தேவைக்கென ஐந்து பவுண்டு கடனாகக் கிடைக்கும். அதுவும் தீர்ந்தால் இருட்டுதான். பிரிட்டனில் இது புதிய ஏற்பாடு அல்ல. நாணயம் போட்டால் எரிவாயு வரும் மீட்டர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கு ஏழைத் தொழிலாளர் வீடுகளுக்கு வந்துவிட்டன. நாணயத்தின் இடத்தைப் பின்னாளில் சாவியும் அட்டையும் பிடித்துக்கொண்டன.

முதல் வாரம் பத்து பவுண்டு ஏற்றினேன். நாங்கள் பகலில் வீட்டிலேயே இல்லை. ஆனாலும் பணம் வேகமாகக் கரைந்தது. பணம் ஏற்றித் தரும் தெருமுனைக் கடையை நடத்தியவர் ஓர் இலங்கைத் தமிழர். விவரத்தைக் கேட்டவர், “பிள்ளை, இது முந்தி இருந்த ஆக்களின்ர கடன். நீங்கள் குடிவந்த திகதியையும் மீட்டர் நம்பரையும் கொம்பனிக்கு எடுத்துச் சொல்லுங்கோ. புதுத் திறப்பு தருவினம்” என்றார். திறப்பு என்றால் சாவி. முன்பு குடியிருந்தவரின் நிலுவை மீட்டரிலேயே பதிவாகியிருந்தது. நாங்கள் ஏற்றிய பணத்திலிருந்து அது வாரந்தோறும் கழிக்கப்பட்டு வந்தது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டியதும் நிறுவனம் அந்தக் கடனை நீக்கிப் புதிய சாவி அனுப்பியது.

அப்போதுதான் கட்டண விகிதத்தையும் பார்த்தேன். மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுபவரைவிட, முன்கூட்டியே கட்டும் எங்களுக்குக் கட்டணம் கூடுதல். மின்சாரமே பயன்படுத்தாத நாளுக்கும் ஒரு நிலையான கட்டணம் உண்டு. கையில் குறைவாக உள்ளவர் முதலில் கட்ட வேண்டும். அதிகமாகவும் கட்ட வேண்டும். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. மீட்டரை மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

பிரிட்டனில் தாமே கட்டணம் கட்டும் வாடகைதாரர், வேறு வகை மீட்டரைக் கேட்கலாம். வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிடுவது முறை. அவர் தடை சொல்லவில்லை. நிறுவனம் என் கடன் வரலாற்றைத் தேடியது. அந்நாட்டில் எனக்கு அப்படி ஒன்று இல்லை. கடனே வாங்காதவர் என்பது நம் வீடுகளில் நற்பெயர். அங்கே அதற்கு, ‘இவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை’ என்பதுதான் பொருள். கடைசியில் வைப்புத்தொகை கட்டச் சம்மதித்த பிறகு ஊழியர் ஒருவர் வந்து, ஒரு மணி நேரத்துக்குள் புதிய மீட்டரைப் பொருத்திச் சென்றார். என்னிடம் சேமிப்பு இருந்ததால் குறைந்த கட்டணம் கிடைத்தது. சேமிப்பு இல்லாதவருக்கு அந்தக் கதவு திறந்திருக்காது.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவிடம், “நீங்களும் மாற்றிவிடுங்களேன்” என்று உற்சாகமாகச் சொன்னேன். “எனக்கு இதுதான் சரி பிள்ளை. கையில இருக்கிற காசுக்கு எரிக்கிறன். பில் எண்டு பெரிசா ஒண்டு வந்தால் நித்திரை வராது” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தானே தேர்ந்தெடுத்தால் அந்த மீட்டர் செலவைக் கட்டுக்குள் வைக்கும் கருவி. பிறர் கொண்டுவந்து பொருத்தினால் அது தண்டனை.

இந்த வேறுபாடு பின்னாளில் பெரிய செய்தியானது. பிரிட்டனில் எரிசக்தி விலை எகிறிய 2022ல், பணம் ஏற்ற முடியாமல் ஏறத்தாழ 32 லட்சம் பேரின் மீட்டரில் இருப்பு தீர்ந்துபோனது என்று ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ அறநிறுவனம் மதிப்பிட்டது. கட்டணம் கட்டத் தவறியவர்களின் வீடுகளுக்குள் முகவர்கள் வலுக்கட்டாயமாகப் புகுந்து இத்தகைய மீட்டரைப் பொருத்தியதை 2023 பிப்ரவரியில் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் அம்பலப்படுத்தியது. எரிசக்திக் கண்காணிப்பு அமைப்பான ‘ஆஃப்ஜெம்’ கட்டாயப் பொருத்தலை நிறுத்தி வைக்கச் சொன்னது. துணையின்றி வாழும் 75 வயதைத் தாண்டியவர்கள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள குடும்பங்கள் போன்றோரின் வீடுகளில் கட்டாயமாகப் பொருத்தக்கூடாது என்ற விதிகள் அதே ஆண்டில் வந்தன. முன்கட்டண வாடிக்கையாளர்கள் சுமந்த கூடுதல் நிலையான கட்டணமும் 2024 ஏப்ரலில் சமன் செய்யப்பட்டது.

வானொலி நிகழ்ச்சிக்காக அந்தச் செய்திகளைத் திரட்டியபோது நம் ஊரையும் நினைத்துக்கொண்டேன். இங்கும் நிலுவை சேர்ந்துவிட்ட குடும்பங்களுக்கு, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் மீட்டர் உண்டு. ஏற்றும் தொகையில் ஒரு பகுதி பழைய பாக்கிக்குப் போகும். மின்சாரம் முற்றாகத் துண்டிக்கப்படுவதைவிட இது மேல்தான். ஆனால் நம் அடுக்குமாடியில் யார் வீட்டில் அந்த மீட்டர் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மின்விசிறியைக்கூட அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதை யாரும் வெளியே சொல்வதில்லை. காலாண்டுக்கு ஒருமுறை வரும் யூ-சேவ் தள்ளுபடி நமக்குச் சிறு மகிழ்ச்சி. அந்த வீட்டில் அது சில நாள் வெளிச்சம்.

பிள்ளைகளைப் பிரிட்டனுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். வாடகை வீட்டில் கால்வைத்த அன்றே மீட்டரின் அளவைத் தேதியோடு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய சாவியில் பணம் ஏற்றும்முன் நிறுவனத்தை அழைத்துப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். இப்போது பல வீடுகளில் உள்ள ஸ்மார்ட் மீட்டர்களை, ஆள் வராமலே ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியும். வைப்புத்தொகை கேட்டால் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

வீடு திரும்பும் நாளில் என் வைப்புத்தொகையும் முழுதாக வந்து சேர்ந்தது. அதில் ஒரு சிறு பகுதியை அந்தத் தெருமுனைக் கடையில் செலவழித்தேன்: பக்கத்து வீட்டு அம்மாவின் திறப்பில் இருபது பவுண்டு ஏற்றினேன்.